அரசி கெட்டவளா, அண்ணே?

சென்ற ஞாயிற்றுக்கிழமை. படிப்பகத்திலே நாளேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தங்கை ஒருத்தி, கையிலே ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளம்மா."

"இந்தக் கதையிலே ஒரு அரசி வர்றா. ரொம்பக் கெட்டவளா எழுதியிருக்காங்க. நெசமாவே அவ கெட்டவளா, அண்ணே?"

மேடையிலே எத்தனையோ எதிர்க்கேள்விகளைச் சந்தித்தவன் நான். அந்தச் சிறுமியின் கேள்விக்கு முன்னே சற்றுத் திகைத்துத்தான் போனேன். 'ஆம்' என்றால் அது அநியாயம். 'இல்லை' என்றால் அதுவும் அரைகுறை. 'அதெல்லாம் கதையம்மா, கண்டுகொள்ளாதே' என்று தட்டிக்கழித்தாலோ, கேள்வி கேட்கக் கற்றுத்தந்த இயக்கத்துக்கே துரோகம்! "அடுத்த வாரம் ஏட்டிலே எழுதுகிறேன், படித்துப் பார்" என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றவே இந்தக் கட்டுரை. அவளுக்காக மட்டுமல்ல, பழங்காலப் பேரரசிகளைப் பற்றிய கதைகளைப் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவற்றை வாங்கித் தரும் பெற்றோருக்கும், அத்தகைய கதைகளை எழுதத் துடிக்கும் இளைஞர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அடிமைப் பெண்ணின் கதை

தங்கையின் கையிலிருந்த நூல் 'மாரா, நைலின் மகள்'. எலாய்ஸ் ஜார்விஸ் மெக்ரா என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1953ஆம் ஆண்டு வெளியிட்டது. இளைஞர்களுக்கென்றே எழுதப்பட்ட நாவல். இன்றும் படிக்கப்படுகிறது, படிக்கத் தக்கதும்கூட.

கதை நடப்பது எகிப்திலே, ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்பு. மாரா ஓர் அடிமைப் பெண். அடியும் உதையும் அவளுக்கு அன்றாடக் கூலி. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவள், பாபிலோனிய மொழி பேசத் தெரிந்தவள். அந்த அறிவைக் கண்டு, அரசியின் பக்கத்து ஆள் ஒருவன் அவளை விலைக்கு வாங்கி ஒற்று வேலைக்கு அனுப்புகிறான். போகிற வழியிலே, அரசியைக் கவிழ்க்கச் சதி செய்யும் கூட்டத்தின் கையிலும் சிக்குகிறாள், அவர்களுக்கும் ஒற்றராகிறாள். இருபுறமும் கத்தி, இடையிலே ஏழைப் பெண்! மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வைக்கிறார் ஆசிரியர். அரண்மனைக் கதையின் நடுவிலே அடிமைப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தி, 'இவள்தான் கதைத் தலைவி' என்றாரே, அதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

ஆனால் அந்த அரசி? அவள் பெயர் ஹாட்செப்சுட். கதையிலே அவள், உரிமையில்லாத அரியணையிலே ஏறி அமர்ந்தவள். உரியவனான துட்மோசை ஒடுக்கி வைத்திருப்பவள். நாட்டின் செல்வத்தைக் கோயிலிலும் கல்தூணிலும் கொட்டுகிறவள். முடிவிலே அவள் வீழ்கிறாள், துட்மோஸ் வெல்கிறான், மாராவின் துயர் தீர்கிறது. அடிமைப் பெண்ணுக்கு வாழ்வு வரவேண்டுமா? ஆளும் பெண் ஒழியவேண்டும்! இதுதான் கதையின் கணக்கு. தங்கையின் மனத்தை உறுத்தியது இந்தக் கணக்குத்தான்.

கல் சொல்லும் சாட்சி

கதை சொன்னதைக் கேட்டோம். இனிக் கல் சொல்வதைக் கேட்போம்.

ஹாட்செப்சுட், முதலாம் துட்மோஸ் மன்னனின் மகள். இரண்டாம் துட்மோசின் மனைவி. கணவன் இறந்தபோது, அவனுடைய இன்னொரு மனைவியின் மகனான மூன்றாம் துட்மோஸ் பால்மணம் மாறாத பாலகன். அந்தப் பாலகன் சார்பிலே ஆட்சிப் பொறுப்பை ஏற்றாள். ஏழாம் ஆண்டுக்குள் தானே முழு மகுடம் புனைந்து 'பாரோ' ஆனாள். ஆய்வாளர் பலர் கொள்ளும் கணக்குப்படி கி.மு. 1479 முதல் கி.மு. 1458 வரை, இருபது ஆண்டுக்கு மேல் எகிப்தின் செங்கோல் அவள் கையிலே இருந்தது.

பாரோ என்றால் ஆண், ஆணென்றால் தாடி. இது அந்நாட்டு மரபு. 'மரபு மாறக்கூடாது' என்றனர் போலும்! அவள் சிலைகளிலே தாடியோடு காட்சி தருகிறாள். சிரிப்பு வருகிறதா? பொறுங்கள். அவளுக்கு முன்னே ஆண்ட ஆண் மன்னர்கள் சடங்கின்போது கட்டிக்கொண்டதும் ஒட்டுத்தாடிதான்! ஆளும் தகுதி தாடியிலேதான் இருக்கிறதென்றால், அந்தத் தகுதியே ஒட்டவைத்த தகுதிதானே!

சரி, என்ன செய்தாள்? செங்கடல் வழியாகப் பண்ட் என்னும் தென்னாட்டுக்குக் கப்பல்களை அனுப்பினாள். டெர் எல் பஹ்ரி என்ற இடத்திலே மலையடிவாரத்தில் அவள் கட்டிய கோயிலின் சுவரிலே அந்தப் பயணம் சிற்பமாக இருக்கிறது. ஐந்து கப்பல்கள், நறுமணப் பிசின் தரும் மரங்களை வேரோடு கூடையிலே வைத்துத் தூக்கி வரும் ஆட்கள், பண்ட் நாட்டு அரசன், அரசி. படையெடுத்துக் கொள்ளையிட்ட காட்சியல்ல. பண்டம் மாற்றிக்கொண்ட காட்சி! கர்நாக் கோயிலிலே அவள் நிறுத்திய ஒற்றைக்கல் தூண் இன்றும் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 30 மீட்டர். எடை 300 டன்னுக்கு மேல். அந்தத் தூண் பணிக்காகக் கல்லை வெட்டி எடுக்க ஏழு மாதம் பிடித்தது என்று அதன் அடிப்பீடத்திலே பொறித்து வைத்திருக்கிறாள். அந்த ஏழு மாதமும் உளி பிடித்தவன் பெயர், கயிறு இழுத்தவன் பெயர் அதிலே இல்லை. அதை மறக்க வேண்டாம். அந்தக் குறைக்குப் பிறகு வருகிறேன்.

அவள் மறைந்தாள். பிறகு ஒரு நாள் உளிகள் மீண்டும் ஒலித்தன. கட்டுவதற்கல்ல, வெட்டுவதற்கு! அவள் பெயர் பொறித்த இடங்களிலே பெயரைக் கொத்தினர். உருவத்தைச் செதுக்கி எடுத்தனர். சிலைகளை உடைத்துக் குழியிலே தள்ளினர். மன்னர் வரிசைப் பட்டியலிலே அவள் பெயர் காணாமற்போயிற்று. மூவாயிரம் ஆண்டு அவளை உலகம் மறந்தது!

மீட்டது எது தெரியுமா? இலக்கணம்! 1829இல் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியன் டெர் எல் பஹ்ரிக்கு வந்தார். எகிப்தியச் சித்திர எழுத்தின் மர்மத்தை உடைத்தவர் அவர். சுவரிலே தாடி வைத்த மன்னனின் உருவம். பக்கத்திலே எழுத்து. எழுத்தைப் படித்தவர் விழித்தார். உருவம் ஆண், ஆனால் சொற்களோ பெண்பால்! 'அவன்' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'அவள்'! பெயரைக் கொத்தியவனின் உளி, பெண்பால் விகுதியைப் பல இடங்களிலே விட்டுவிட்டது. மொழியை அழிப்பது அத்தனை எளிதல்ல. மொழியின் வலிமை அறிந்த தமிழனுக்கு இதைவிட இனிக்கும் செய்தி வேறென்ன வேண்டும்!

அளவுகோல் இரண்டு

அப்படியானால் நாவலாசிரியர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் காலத்து அறிஞர்கள் பலர் சொன்னதைத்தான் கதையாக்கினார். அவர்கள் சொன்னது இது: 'துட்மோஸ் அவளிடம் வெறுப்பால் வெந்தான். அவள் ஒழிந்ததும் பழிதீர்த்தான். அதனால்தான் பெயர் அழிந்தது.' கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தது. சித்தி கொடுமை, மகன் கோபம்! நாடகக் கொட்டகைக்கு ஏற்ற கதை.

ஆனால் கல் வேறு கணக்குச் சொல்லிற்று. 1966இல் சார்லஸ் நிம்ஸ் என்ற அறிஞர், அழிப்பு வேலை தொடங்கியது துட்மோசின் 42ஆம் ஆட்சியாண்டுக்கு முன்பு அல்ல என்று காட்டினார். அவள் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பிறகு! கோபத்தை இருபது ஆண்டு உறையிலே போட்டு வைத்திருந்து, முதுமையிலே எடுத்து வீசுகிறவன் உண்டா? தன் மகனின் பட்டத்துக்குப் போட்டி வராமல் தடுக்கத்தான் இந்த வேலை என்று கருதுவோர் இருக்கின்றனர். 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவளுடைய சிலைகள் கழுத்திலும் இடையிலும் முழங்காலிலும் முறைப்படி உடைக்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டி, மறைந்த மன்னரின் சிலைகளைச் சக்தியிழக்கச் செய்யும் சடங்கும் அதிலே உண்டு, எல்லாவற்றையும் வெறுப்பின் கணக்கிலே எழுதக்கூடாது என்று கூறுகிறது. அரசியைக் கவிழ்த்த கலகம் ஒன்று நடந்ததற்கோ சான்று கிடைக்கவில்லை.

எழுத்தாளர் மேல் குற்றமில்லை. 1953இல் எழுதியவர் 1966இன் ஆய்வை எப்படி அறிவார்? நான் கேட்பது வேறு. சான்று குறைவாக இருந்தபோது, அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்பினார்கள்? ஆளும் ஆண் கட்டிடம் எழுப்பினால் 'கலைக்காவலன்'. ஆளும் பெண் எழுப்பினால் 'ஊதாரி'. ஆண் அரியணையைப் பிடித்தால் 'ஆற்றல்'. பெண் பிடித்தால் 'பேராசை'. துணி அளக்க ஒரே கோலை வைத்திருக்கிறான் கடைக்காரன். வரலாறு அளக்க மட்டும் ஆணுக்கொரு கோல், பெண்ணுக்கொரு கோலா?

நாட்காட்டியிலே ஒரு வெற்றி

எகிப்தின் பழைய அரசியை உளி அழித்தது. அதே நாட்டின் கடைசி அரசியை அழித்தது எழுதுகோல்.

கிளியோபாட்ரா என்றதும் பட்டணத்துப் பட்டதாரி முதல் பட்டிக்காட்டுப் பள்ளி மாணவன் வரை என்ன சொல்கிறான்? 'அழகி, மயக்குக்காரி, பாம்பு கடித்துச் செத்தவள்.' அவ்வளவுதான்! கி.மு. 51இல் பதினெட்டு வயதிலே அரியணை ஏறியவள். இருபது ஆண்டுக்கு மேல் ரோமப் பேரரசின் வாய்க்கு முன்னே தன் நாட்டை விழுங்கப்படாமல் காத்தவள். இது யாருக்கு நினைவிருக்கிறது? அவள் முன்னோர் மாசிடோனியாவிலிருந்து வந்த கிரேக்க மொழியினர். ஏறத்தாழ 250 ஆண்டு எகிப்தை ஆண்டும், ஆண்ட மக்களின் மொழியைக் கற்காத கூட்டம் அது! அந்தக் குலத்திலே எகிப்து மொழியைக் கற்ற முதல் ஆள் கிளியோபாட்ராதான் என்று எழுதுகிறார் புளூட்டார்க். வேற்று நாட்டார் பலரோடு மொழிபெயர்ப்பாளர் இன்றியே பேசுவாளாம். அவள் அழகு ஒப்பற்றதன்று, பேச்சே ஆளைக் கட்டிப்போட்டது என்பதும் அவர் வாக்குத்தான். மக்கள் மொழியைக் கற்ற அரசியை, மைதீட்டிய கண்ணாக மட்டும் நினைவிலே வைத்திருக்கிறது உலகம்!

யார் செய்த வேலை இது? கி.மு. 32இல் ரோமிலே ஆக்டேவியன் போர் அறிவித்தான். எதிரி யார்? அவன் நாட்டவனே ஆன ஆண்டனி. ஆனால் உள்நாட்டுப் போர் என்றால் மக்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே போர் அறிவிப்பிலே ஆண்டனியை எதிரியாகச் சொல்லவில்லை. கிளியோபாட்ராவை மட்டும் சொன்னான்! 'அன்னியப் பெண் நம் வீரனை மயக்கிவிட்டாள்' என்று பிரசாரம் பறந்தது. கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போர்; கி.மு. 30இல் அவள் சாவு. ஆக்டேவியன் 'அகஸ்டஸ்' ஆனான். அலெக்சாந்திரியா வீழ்ந்த மாதத்துக்குப் பின்னர் அவன் பெயரையே சூட்டினார்கள். உங்கள் வீட்டுச் சுவரிலே தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். ஆகஸ்டு! அவளை வென்றவன் ஆண்டுதோறும் நம் வீட்டுக்கு வந்து 31 நாள் தங்கிவிட்டுப் போகிறான். தோற்றவளுக்கு ஒரு நாள்கூட இல்லை.

இந்தப் பிரசாரத்தை இளைஞர் நூல்கள் எப்படிச் சந்தித்தன? 1999இல் கிறிஸ்டியானா கிரிகரி என்ற எழுத்தாளர், சிறுமி கிளியோபாட்ரா எழுதிய நாட்குறிப்பைப் போல ஒரு நூல் எழுதினார். அரச குமாரிகளின் நாட்குறிப்பு என்ற வரிசையிலே வந்தது. கதை தொடங்குவது கி.மு. 57இல். தந்தை நாட்டை விட்டு விரட்டப்பட்ட காலம். ஆட்சி மூத்த சகோதரி கையிலே. பன்னிரண்டு வயதுப் பெண், எந்த நேரம் என்ன நேருமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். மயக்குக்காரி வரவில்லை, மாணவி வருகிறாள். நல்ல மாற்றம்! ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கிளியோபாட்ரா நாட்குறிப்பு எதையும் நமக்கு விட்டுச்செல்லவில்லை. நூலின் பின்பகுதியிலே வரலாற்றுக் குறிப்பு இருக்கிறது. அதைப் படிக்காமல் மூடிவைக்கும் பிள்ளை, முழுக் கற்பனையை முத்திரையிட்ட ஆவணம் என்றே நம்பிவிடும்.

உண்மையிலே அவள் கைப்பட எழுதியதென்று பலர் கருதுவது ஒரே ஒரு சொல். கி.மு. 33ஆம் ஆண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று பெர்லினிலே இருக்கிறது. ரோமப் பெரும்புள்ளி ஒருவனுக்குக் கோதுமை ஏற்றுமதியிலும் மது இறக்குமதியிலும் வரிவிலக்கு அளிக்கும் ஆணை. அடியிலே வேறு கையெழுத்திலே, 'ஆகட்டும்' என்னும் பொருள்பட ஒரு கிரேக்கச் சொல். காதல் கடிதமல்ல, கவிதையல்ல, வரிக்கணக்கு! ஆட்சி என்பது அதுதானே!

அவள் மகளைப் பற்றியும் ஒரு நூல் உண்டு. 'கிளியோபாட்ராவின் நிலா', 2011இல் விக்கி ஆல்வியர் ஷெக்டர் எழுதியது. கிளியோபாட்ரா செலீனி என்ற அந்தப் பெண், பத்து வயதுப் பருவத்திலே தாய் தந்தையை இழந்தாள். ரோம வீதியிலே வெற்றி ஊர்வலத்தில் நடத்திச் செல்லப்பட்டாள். வளர்ந்து, வட ஆப்பிரிக்காவிலே மௌரிட்டானியா நாட்டின் அரசியானாள். அவள் பெயரைத் தாங்கிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றிலே முதலை உருவம். தாய்நாட்டு நைலாற்று முதலை! பகைவன் வீட்டிலே வளர்ந்தும் பிறந்த மண்ணை மறவாத பெண்ணை, பாடநூல் ஒரு வரியிலே தாண்டிவிடும். கதைநூல்தான் நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறது. இளைஞர்க்கான வரலாற்றுக் கதையின் பயன் இதுதான்.

உயில் எரிந்தது, ஊர் எரிந்தது

எகிப்தை விட்டு வடக்கே வாருங்கள், பிரிட்டனுக்கு. அதே ரோமப் பேரரசு. தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு.

ஐசீனி என்ற பழங்குடியின் அரசன் பிரசுட்டாகஸ் இறந்தான். ஆண் வாரிசு இல்லை, இரண்டு பெண்கள். நாட்டை இரு மகள்களுக்கும் ரோமப் பேரரசன் நீரோவுக்கும் கூட்டாக எழுதிவைத்தான். ஒரு பங்கை அவனுக்குக் கொடுத்தால் மீதியாவது மகள்களுக்கு மிஞ்சும் என்ற நினைப்பு. மிஞ்சிற்றா? உயில் காற்றிலே பறந்தது. ரோம அதிகாரிகள் நாட்டைச் சூறையாடினர். அரசி பூடிக்காவைச் சவுக்காலே அடித்தனர். மகள்கள் இருவரையும் மானபங்கம் செய்தனர்.

மகளுக்குச் சொத்துரிமை! நமக்குப் புரியாத சொல்லா இது? 1929இல் செங்கல்பட்டு மாநாட்டிலே 'பெண்ணுக்கும் சொத்திலே சம உரிமை' என்று சுயமரியாதை இயக்கம் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டிலே அது சட்டமானது 1989இல். அறுபது ஆண்டு! ஆகவே, மகளின் பங்கைப் பறித்தால் தாயின் வயிறு எப்படி எரியும் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கி.பி. 60 அல்லது 61இல் பூடிக்கா எழுந்தாள். இன்று கால்செஸ்டர், லண்டன், செயின்ட் ஆல்பன்ஸ் என்று வழங்கும் மூன்று ஊர்களும் எரிந்தன. லண்டனிலும் கால்செஸ்டரிலும் நிலத்தைத் தோண்டினால், அன்று வெந்து சிவந்த மண் இன்றும் ஓர் அடுக்காகக் கிடைக்கிறது. செத்தவர்கள் எழுபதாயிரம் என்று எழுதினார் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். கடைசிப் போரிலே பிரிட்டானியர் எண்பதாயிரம் பேர் மடிந்தார்கள், ரோமர் ஏறத்தாழ நானூறு பேர்தான் என்பதும் அவர் எழுதியதே. கணக்கெழுதியவர் வென்றவர் கட்சி, கவனம்! அவருடைய மாமனார் அக்ரிகோலா, அந்தப் போர் நடந்தபோது பிரிட்டனிலே ரோமப் படையிலே இருந்தவர். பூடிக்கா ஆற்றியதாக வரும் வீரவுரைகூட ரோமர் எழுதி அவள் வாயிலே வைத்ததுதான். அவள் மக்கள் எழுதியது ஒரு வரிகூட இல்லை. மகள்களின் பெயர்களையும் எவரும் குறித்துவைக்கவில்லை.

இந்த மௌனத்தைத்தான் ரோஸ்மேரி சட்கிளிஃப் 1978இல் 'இருள் அரசிக்கு ஒரு பாட்டு' என்னும் பொருள்படும் தலைப்பிலே இளைஞர் நாவலாக்கினார். சிறுவயதிலேயே மூட்டுநோயால் முடங்கி, வாழ்நாளின் பெரும்பகுதியைச் சக்கர நாற்காலியிலே கழித்த எழுத்தாளர் அவர். கதையைச் சொல்பவன் அரசியின் யாழ்ப்பாணன். வென்றவன் ஏட்டிலே எழுதினான். தோற்றவள் பக்கத்துக்குப் பாணனைப் பேச வைத்தார் ஆசிரியர். பெயரற்ற மகள்களுக்குப் பெயர் கொடுத்தார். ஐசீனி மக்களிடம் தாய்வழி அரசுரிமை இருந்ததாக அமைத்தது அவர் கற்பனை. ஆனால் ஒன்றை அவர் செய்யவில்லை. பூடிக்காவின் கையிலே படிந்த இரத்தத்தைக் கழுவவில்லை! எரிந்த ஊர்களிலே மாண்ட குற்றமற்றவர்களை மறைக்கவில்லை. கொடுமைக்கு ஆளானவள் கொடுமை செய்பவளாக மாறும் வேதனையை, இளம் வாசகன் தாங்கமாட்டான் என்று ஒளிக்காமல் எழுதினார். பிள்ளைகளை மதிக்கும் எழுத்து அது.

இதே பூடிக்காவுக்கு லண்டனிலே, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே ஒரு சிலை இருக்கிறது. தேரிலே நிமிர்ந்து நிற்கிறாள், மகள்கள் இருபுறமும். அங்கே நிறுவப்பட்ட ஆண்டு 1902. அந்த ஆண்டு நம்மை ஆண்டுகொண்டிருந்தவர் யார்? அதே லண்டன்! பேரரசை எதிர்த்துப் போரிட்டவளுக்குப் பேரரசு எடுத்த சிலை! பீடத்திலே பொறித்திருக்கும் கவிதை வரிகளின் கருத்து என்ன தெரியுமா? சீசர் காணாத நாடுகளையும் உன் வழித்தோன்றல்கள் ஆள்வார்கள் என்பது! சவுக்கடி பட்ட பெண்ணையே சவுக்குக்குக் காவல் தெய்வமாக்கிவிட்டார்கள். பாருங்கள் விந்தையை! பெண்ணைத் தூற்றி மட்டுமல்ல, போற்றியும் பொய் சொல்லலாம்.

நமக்கெதற்கு அரசிகள்?

'மன்னராட்சியைச் சாடுகிறவர்கள், மகுடம் சூடியவளுக்கு வக்கீல் ஆவதா?' என்று கேட்பார் ஒருவர். நல்ல கேள்வி. நாம் மகுடத்துக்கு வாதாடவில்லை; அளவுகோலுக்கு வாதாடுகிறோம். 300 டன் கல்லைச் செதுக்கி இழுத்தவன் பெயர் எழுதாத குறை, ஆண் பாரோக்களுக்கும் உண்டு, ஹாட்செப்சுட்டுக்கும் உண்டு. அந்தக் குற்றத்தை இருவர் கணக்கிலும் எழுதுங்கள். கிளியோபாட்ரா தன் தங்கையைக் கொல்ல வைத்தவள். மறைக்காமல் எழுதுங்கள். அதே கையோடு, அரியணைக்காக உடன்பிறந்தாரைக் கொன்ற ஆண் மன்னர்களுக்கும் 'மயக்குக்காரன்' என்று பெயர் வைக்க முடியுமா என்று பாருங்கள்!

'கதைதானே, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?' என்பார் இன்னொருவர். கதைதான் ஐயா, அதனால்தான் ஆர்ப்பாட்டம்! வரலாற்றுப் பாடம் தேர்வோடு போய்விடும். பதின்மூன்று வயதிலே படித்த கதை பாடையிலே போகும் வரை உடன் வரும். ஆளும் பெண் என்றால் சூழ்ச்சிக்காரி என்று அந்த வயதிலே பதிந்துவிட்டால், நாளை ஊராட்சி மன்றத் தலைவராக ஒரு பெண் நிற்கும்போது, வாக்குச் சீட்டின் முன்னே நிற்பவன் காதிலே அந்தப் பழைய கதைதான் முணுமுணுக்கும். பெண்ணே படித்தாலோ, 'ஆசைப்படுவது குற்றம்' என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்வாள்.

அதற்காக, அரக்கியை அகற்றிவிட்டு அங்கே தெய்வத்தை நட்டுவிடாதீர்கள். அரக்கி, தெய்வம், பெண்ணுக்கு இந்த இரண்டு நாற்காலிதானா? மனிதரென்ற மூன்றாவது நாற்காலியைப் போடுங்கள். தவறும் செய்வாள், தந்திரமும் செய்வாள், கோதுமைக் கணக்கும் பார்ப்பாள், கண்ணீரும் விடுவாள், கப்பலும் விடுவாள். அப்படி எழுதுங்கள். நூலின் கடைசியிலே, 'இது சான்றுள்ளது, இது என் கற்பனை' என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். இளைஞனை ஏமாற்றாத நேர்மை அது. கதையின் சுவை அதனால் குறையாது. வாங்கித் தரும் பெற்றோரே, அந்த இரண்டு பக்கத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள்.

தங்கையே!

உன் கேள்விக்கு வருகிறேன். அரசி கெட்டவளா? நீ படித்த நூலிலே கெட்டவள். கல்லிலே கிடைத்த சான்றின்படி, இருபது ஆண்டுக்கு மேல் ஆண்டவள்; கடல் வாணிபம் வளர்த்தவள்; பெரும் பணிகள் செய்தவள்; எல்லா மன்னர்களையும் போல ஏழையின் முதுகிலே கல் ஏற்றியவள். அவள் துட்மோசை வெறுத்தாளா, துட்மோஸ் அவளை வெறுத்தானா, அதற்குக் கல் சாட்சி சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக நாம் கூறக்கூடாது.

அந்த நூலை வீசிவிடாதே. மாராவுக்காகப் படி. அடிமைப் பெண்ணுக்கு எழுத்தறிவு என்ன வலிமை தந்தது என்பதற்காகப் படி. ஆனால் படிக்கும்போது மூன்று கேள்வியைக் கையிலே வைத்துக்கொள். யார் சொன்னது? எப்போது சொன்னது? சொன்னதால் யாருக்கு லாபம்?

மூவாயிரம் ஆண்டு மறைந்து கிடந்தவளைக் கண்டுபிடிக்க ஷம்போலியனுக்கு உதவியது, 'இங்கே ஏன் பெண்பால் வருகிறது?' என்ற ஒரு கேள்விதான். நீயும் அப்படித்தான் கேட்டாய், அந்தப் படிப்பகத்திலே. கேட்டுக்கொண்டே இரு, தங்கையே! அடுத்த ஞாயிறு வரும்போது, அந்தப் புத்தகத்தை எனக்கும் ஒரு வாரம் இரவலாகத் தா.